படர்க்கையில் எழுதப்பட்ட துக்கம்

மனச்சோர்வு பற்றிய உளப்பகுப்பாய்வுக் கோட்பாட்டை அதன் மூல எழுத்துகளிலேயே தேடிப் படிப்பவர், சில பக்கங்களைக் கடப்பதற்குள் ஒன்றைக் கவனிக்க நேரும்: அங்கே சான்றாக நிறுத்தப்படும் மனிதர்களுள் சிலர் மருத்துவரை நாடி வந்த நோயாளிகள் அல்லர். தந்தையின் சாவுக்குப் பின் தலை நரைத்துப்போன மகன், மகனைப் பறிகொடுத்துவிட்டுப் பழைய கடிதங்களைப் பிரித்து அடுக்கும் தாய், உடன்பிறந்த குழந்தை சாக வேண்டும் என்று விரும்பி, அது செத்தபின் அந்த விருப்பத்தைச் சுமந்து வளர்ந்த சிறுவன் ஆகியோர், அந்த எழுத்துகளை எழுதியவர்களேயாவர். 1911 முதல் 1940 வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகளில், கார்ல் ஆபிரகாம், சிக்மண்ட் ஃபிராய்ட், மெலனி கிளைன் ஆகிய மூவரும் ஒருவர் விட்ட இடத்தில் ஒருவராகத் தொடர்ந்து உருவாக்கிய இந்தக் கோட்பாட்டை, தன்வரலாறு எழுத மனமில்லாதவர்கள் எழுதிய தன்வரலாறு என்று சொன்னால் அதில் பெரிய பிழை இராது.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் ஃபிராய்டே. 1899இல் அவர் வெளியிட்ட 'திரை நினைவுகள்' என்னும் கட்டுரையில், பல்கலைக்கழகக் கல்வி பெற்ற 38 வயது மனிதர் ஒருவர் வருகிறார். மஞ்சள் பூக்கள் நிறைந்த புல்வெளியில், சொந்தக்காரச் சிறுமியின் கையிலிருந்த பூங்கொத்தைப் பிடுங்கியதையும், பின்பு குடியானவப் பெண் ஒருத்தி தந்த கறுப்பு ரொட்டியின் சுவையையும் அவர் நினைவுகூர, ஃபிராய்ட் அவரோடு உரையாடி அந்த நினைவின் உட்பொருளை வெளிக்கொணர்கிறார். அற்பமானதாகத் தோன்றும் ஒரு குழந்தைப்பருவக் காட்சி, அதற்குப் பின்னால் இருக்கும் கனமான வேறொன்றை மறைத்து நிற்பதையே 'திரை நினைவு' என்று அவர் அழைத்தார். அந்த 38 வயது மனிதர் ஃபிராய்டேதான் என்பதை சீக்ஃபிரீட் பெர்ன்ஃபெல்ட் என்னும் ஆய்வாளர் 1946இல் எடுத்துக்காட்டினார். மறைக்கும் நினைவைப் பற்றிய கட்டுரையே ஆளை மறைத்து எழுதப்பட்டிருந்தது என்பதில் உள்ள குறும்பு, ஃபிராய்டுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

இங்கே 'ஒடுக்கம்' என்னும் கருத்தைச் சற்று விளக்கிக்கொள்வது நல்லது. நாலு பேர் முன்னால் அழக் கூடாதென்று கண்ணீரை விழுங்கிக்கொள்பவர் தம் உணர்ச்சியை அடக்குகிறார். தாம் அடக்குவது அவருக்கே தெரியும். ஒடுக்கம் அத்தகையது அன்று. ஏற்றுக்கொள்ள முடியாத ஓர் எண்ணத்தை, தான் அப்படிச் செய்வதை அறியாமலேயே மனம் தன் நனவுக்கு வெளியே தள்ளி வைப்பதும், தள்ளப்பட்டது மீண்டும் ஏறி வராதபடி ஓயாமல் காவல் காப்பதும் ஒடுக்கம் எனப்படும். 1915இல் எழுதிய கட்டுரைகளில் ஃபிராய்ட் இன்னும் நுட்பமான ஒரு வேறுபாட்டைச் செய்கிறார்: கண்டிப்பாகப் பேசினால் ஒடுக்கப்படுவது எண்ணமே, அதனோடு பிணைந்திருந்த உணர்ச்சி அழிவதில்லை, புதைவதுமில்லை, வேறோர் எண்ணத்தைப் பற்றிக்கொள்கிறது அல்லது பதற்றமாக உருமாறுகிறது. 'ஒடுக்கப்பட்ட உணர்ச்சிகள்' என்று பொதுவாகப் பேசப்படுவது இந்தக் கணக்கில் சற்றுத் தளர்வான வழக்குத்தான். ஆயினும் மனச்சோர்வைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு மிகவும் உதவுகிறது. ஏனென்றால் மனச்சோர்வில் உணர்ச்சி வெளிப்படையாகவே இருக்கிறது, அது யாரைக் குறித்தது என்பதுதான் மறைந்திருக்கிறது.

ஃபிராய்டின் தந்தை யாக்கோப் 1896 அக்டோபர் 23 அன்று வியன்னாவில் இறந்தார். அப்போது ஃபிராய்டுக்கு வயது 40. முதியவரான தந்தை நெடுநாள் நோயுற்றிருந்ததால் அந்தச் சாவு எதிர்பார்க்கப்பட்டதே என்றாலும், வேரோடு பிடுங்கப்பட்டவனைப் போலத் தாம் உணர்வதாக, பெர்லினில் இருந்த நண்பர் வில்ஹெல்ம் ஃபிலீஸுக்கு அவர் எழுதினார். அதே கடிதத்தில் ஒரு கனவையும் குறிப்பிட்டார். கண்களை மூடிக்கொள்ளுமாறு கேட்கும் ஓர் அறிவிப்புப் பலகை கனவில் தொங்கியது. இடம், அவர் நாள்தோறும் செல்லும் சவரக்கடை. ஈமச்சடங்கு நாளன்று அந்தக் கடையில் காத்திருக்க நேர்ந்ததால் அவர் துக்க வீட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். சடங்கை எளிமையாக நடத்த வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்திருந்ததிலும் வீட்டாருக்கு மனக்குறை இருந்தது. கண்ணை மூடுதல், இறந்தவருக்கு மகன் செய்ய வேண்டிய கடன். அதுவே, மகனின் குறைகளைக் கண்டும் காணாமல் விடுங்கள் என்று உறவினரிடம் வைக்கும் வேண்டுகோளும் ஆகும். கடிதத்தில் இந்தக் கனவு சடங்குக்குப் பிந்திய இரவில் வந்ததாக இருக்கிறது. 'கனவுகளின் விளக்கம்' என்னும் நூலிலோ முந்திய இரவுக்கு நகர்ந்துவிட்டது. தாமதமாக வந்த மகன் என்னும் குற்றம் நிகழ்வதற்கு முன்பே கனவு வந்துவிட்டதாக நினைவு திருத்தப்பட்டிருப்பதைக் காண்கையில், நினைவும் தன் பங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டதோ என்று ஐயுற இடமிருக்கிறது.

அந்நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1908இல் எழுதிய முன்னுரையில், நூல் முழுவதுமே தம் தந்தையின் சாவுக்குத் தாம் ஆற்றிய எதிர்வினை என்பதை எழுதி முடித்த பிறகுதான் உணர்ந்ததாக ஃபிராய்ட் ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே, 1897 அக்டோபரில், ஃபிலீஸுக்கு எழுதிய மற்றொரு கடிதத்தில் இன்னும் ஆழமான ஒரு நினைவைத் தொட்டிருந்தார். அவருக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே, யூலியுஸ் என்னும் தம்பி கைக்குழந்தையாக இருந்து 1858இல் இறந்தான். அந்தத் தம்பியின் வரவைத் தாம் பொறாமையோடும் தீய விருப்பங்களோடும் எதிர்கொண்டதாகவும், அவனுடைய சாவு தமக்குள் குற்ற உணர்வின் விதையை விட்டுச்சென்றதாகவும் அவர் எழுதினார். விரும்பியது நடந்துவிட்டது, நடந்ததாலேயே விரும்பியது குற்றமாகிவிட்டது. பின்னாளில் மனச்சோர்வுக் கோட்பாட்டில் மையமாக நிற்கப்போகும் முடிச்சு இந்தச் சில வரிகளிலேயே இருக்கிறது.

அந்தக் கோட்பாடு 1915இன் தொடக்க மாதங்களில், போர் நடந்துகொண்டிருந்தபோது எழுதப்பட்டு, 1917இல் 'துக்கமும் மெலன்கோலியாவும்' என்னும் தலைப்பில் வெளிவந்தது. மெலன்கோலியா என்பது கடும் மனச்சோர்வுக்கு அக்கால மருத்துவம் வழங்கிய பெயர். அன்புக்குரியவரை இழந்து துக்கம் காப்பவருக்கும் மெலன்கோலியாவில் விழுந்தவருக்கும் புறத்தோற்றத்தில் வேறுபாடு குறைவு: இருவருக்கும் உலகில் நாட்டமில்லை, வேலையில் மனம் ஒட்டுவதில்லை, புதிதாக யாரையும் நேசிக்க முடிவதில்லை. ஒரே ஒரு கூறு மட்டும் துக்கத்தில் இல்லை; அது, தன்னைத் தானே இழித்துக்கொள்ளும் போக்கு. துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது என்றும், மெலன்கோலியாவில் 'ஈகோ', அதாவது ஒருவர் 'தான்' என்று உணர்கிற மனப்பகுதி, வெறுமையாகிறது என்றும் ஃபிராய்ட் பிரித்துக் காட்டினார்.

அடுத்து அவர் வைத்த கவனிப்பு, மருத்துவ எழுத்தில் அதுவரை இல்லாத கூர்மை உடையது. மெலன்கோலியா நோயாளி தன் மீது சுமத்தும் பழிகளைப் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தால், அவை அவருக்குப் பொருந்துவதில்லை; அவர் நேசித்த, அல்லது நேசித்திருக்க வேண்டிய வேறொருவருக்குச் சிறு மாற்றங்களோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன. தன்னைப் போன்ற உதவாக்கரையைக் கட்டிக்கொண்டதற்காகக் கணவன்மேல் உரக்க இரக்கப்படும் மனைவி, உண்மையில் கணவனைத்தான் உதவாக்கரை என்கிறாள். ஒருவர் பேரேட்டில் எழுத வேண்டிய பற்றை மனம் தன் பேரேட்டிலேயே எழுதிக்கொள்கிறது. இது எப்படி நேர்கிறது என்பதற்கு ஃபிராய்ட் சொன்ன விளக்கம் இது: நேசித்தவரை இழந்த பின் அவரை விட்டுவிட முடியாத மனம், அவரைத் தனக்குள்ளேயே குடியமர்த்தி, ஈகோவின் ஒரு பகுதியை அவராகவே ஆக்கிக்கொள்கிறது, அவர் உயிரோடிருந்தபோது அவர்மேல் இருந்த வெறுப்பு இப்போது அந்தப் பகுதியின் மேல், அதாவது தன் மேலேயே, பாய்கிறது. ஒரே ஆளிடத்தில் அன்பும் பகையும் ஒருங்கே இருத்தலை, இருமன உணர்வு என்று இத்துறை வழங்குகிறது. அன்பு தெரிந்தே இருக்கிறது, பகைதான் ஒடுக்கப்படுகிறது. இறந்தவரைத் திட்டக் கூடாது என்ற வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. அந்த வழக்கத்துக்கு அடங்கிய மனம் திட்டுவதற்குத் தன்னைத் தவிர வேறு ஆளைக் காண்பதில்லை.

கட்டுரையின் தொடக்கத்திலேயே, தாம் கண்ட நோயாளிகள் சிலரே என்றும், எல்லா மெலன்கோலியாவுக்கும் இது பொருந்தும் என்று தாம் கோரவில்லை என்றும் ஃபிராய்ட் எச்சரித்திருந்தார். பின்வந்தவர்கள் பலர் அந்த எச்சரிக்கையை மறந்து, மனச்சோர்வு என்றாலே உள்நோக்கித் திரும்பிய கோபம் என்று ஒற்றை வாய்பாடாக்கிவிட்டனர். சுவிட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கனில் ரோலாண்ட் கூன் என்னும் மனநல மருத்துவர், இமிப்ரமைன் என்னும் மருந்து கடும் மனச்சோர்வைக் குறைப்பதை 1957இல் அறிவித்த பின், உடலின் வேதியியலுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்க இயலாமற்போயிற்று. படுக்கையை விட்டு எழக்கூட முடியாமல் கிடப்பவரிடம் அவருடைய ஒடுக்கப்பட்ட பகையைப் பற்றி உரையாடிக்கொண்டிருப்பது கொடுமையாகவே முடியக்கூடும். ஆனால் மருந்து, சோர்வு எப்படித் தணிகிறது என்பதற்கு விடை சொல்கிறதே அன்றி, அந்த மனிதர் ஏன் அந்தக் குறிப்பிட்ட பழியைத் தன்மேல் சுமத்திக்கொண்டார் என்பதற்கு விடை சொல்வதில்லை. இக்கட்டுரையின் அக்கறை அந்த இரண்டாவது கேள்வியோடு நிற்கிறது.

ஆபிரகாம் இந்த வழியில் ஃபிராய்டுக்கே முன்னோடி. ப்ரெமன் நகரில் 1877இல் பிறந்து பெர்லினில் தொழில் நடத்திய அவர், 1911இலேயே மனச்சோர்வில் ஒடுக்கப்பட்ட பகையின் பங்கை எழுதியிருந்தார். பிறரை என்னால் நேசிக்க முடியவில்லை, வெறுக்கிறேன் என்னும் தாங்க முடியாத எண்ணம், பிறர் என்னை வெறுக்கிறார்கள், அதற்குக் காரணம் என் பிறவிக் குறை என்று தலைகீழாகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அப்படிப்பட்டவர், நேசித்தவரை மனம் உள்ளே எடுத்துக்கொள்கிறது என்ற ஃபிராய்டின் கருத்தைப் படித்தபோது, அதைப் பின்தொடர வழக்கத்துக்கு மாறாகத் தமக்குக் கடினமாக இருந்ததாகவும், அதை மறுத்துவிடவே தோன்றியதாகவும் 1924இல் எழுதிய விரிவான ஆய்வில் குறிப்பிடுகிறார். தம் துறையில் ஃபிராய்ட் முந்திக்கொண்டார் என்ற பொறாமைதான் காரணம் என்று முதலில் அவர் எண்ணினார். அது மேலோட்டமான காரணமே என்பது பிறகுதான் புலப்பட்டது.

போர்க்காலத்தில் ஆபிரகாமின் தந்தை இறந்திருந்தார். அந்தத் துக்க நாள்களில் ஆபிரகாமின் தலைமுடி விரைவில் நன்றாக நரைத்தது. சில மாதங்களில் மீண்டும் கறுத்துவிட்டது. மன அதிர்ச்சியின் விளைவு என்று அப்போது அதைத் தள்ளிவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின், துக்கத்துக்கும் நரைக்கும் உள்ள தொடர்பு பற்றி கியோர்க் கிரோடெக் என்னும் மருத்துவர் கூறிய கருத்தைக் கருதிப் பார்த்தபோதுதான், தந்தையைக் கடைசியாகப் பார்த்த காட்சி அவருக்குப் பொருள்பட்டது. போரிலிருந்து குறுகிய விடுப்பில் வீட்டுக்குப் போனபோது, தந்தை மிகவும் மூப்படைந்து தளர்ந்திருந்தார். படுக்கையிலேயே கிடந்ததால் வழக்கத்தைவிட நீண்டு வளர்ந்திருந்த முடியும் தாடியும் ஏறக்குறைய வெள்ளையாகியிருந்தன. மனம் உள்ளே எடுத்துக்கொண்ட தந்தையை உடலும் எடுத்துக்கொண்டு, சில மாதம் வைத்திருந்து, பிறகு விட்டுவிட்டது. நரையும் கறுப்பும் இப்படி மாறி வருவதை இன்றைய மருத்துவர் எவ்வாறு விளக்குவார் என்பது வேறு கேள்வி. மற்ற இருவரும் தம் துக்கத்தைப் பிறர் மேல் ஏற்றி எழுத, ஆபிரகாம் ஒருவரே தன்மையில், தம் பெயரோடு எழுதினார் என்பதும், ஒரு கோட்பாட்டை ஏற்க மறுத்த தம் அறிவின் பின்னால் தம் துக்கமே நின்றது என்று அவர் காட்டியதும், இத்துறையின் எழுத்துகளில் அரிதாகக் காணக்கிடைக்கும் நேர்மை. அந்த ஆய்வை எழுதியதற்கு அடுத்த ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் 48 வயதில் அவர் இறந்தார்.

அவர் இறந்தபோது அவரிடம் பகுப்பாய்வுக்கு வந்துகொண்டிருந்தவர்களுள் ஒருவர் மெலனி கிளைன். வியன்னாவில் 1882இல் பிறந்த கிளைனின் வாழ்க்கையை இழப்புகளின் பட்டியலாகவே எழுதிவிடலாம். அவர் சிறு குழந்தையாக இருந்தபோது, அவருக்கு எழுத்தும் எண்ணும் கற்றுத்தந்த அக்காள் சிடோனி இறந்தாள். அவருடைய 20ஆம் வயதில், அவரை அறிவுலகுக்கு அழைத்துச் சென்ற அண்ணன் எமானுவேல் இறந்தார். 1914இல் தாய் லிபுசா இறந்தார். திருமணத்துக்குப் பின் நெடுங்காலம் மனச்சோர்வில் தவித்த அவர், புடாபெஸ்டில் சான்டோர் ஃபெரென்சியிடம் நோயாளியாகத்தான் முதலில் உளப்பகுப்பாய்வை அறிந்தார். ஆபிரகாமின் மறைவுக்குப் பின் 1926இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1934 ஏப்ரலில், அவருடைய மூத்த மகன் ஹான்ஸ், 27 வயதில், டாட்ரா மலைப்பகுதியில் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் லூசெர்னில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் கிளைன் மனச்சோர்வு பற்றிய தம் முதல் பெரும் கட்டுரையைப் படித்தார். 1940இல் துக்கம் பற்றிய இரண்டாவது கட்டுரை வெளிவந்தது.

அந்த இரண்டாவது கட்டுரையில்தான் 'திருமதி ஏ' வருகிறார். பள்ளியில் இருந்தபோது திடீரென இறந்துபோன இளம் மகனின் தாய் என்று அவர் அறிமுகப்படுத்தப்படுகிறார். மகனின் வயதும் சாவின் சூழலும் மாற்றப்பட்டிருந்தாலும், திருமதி ஏ கிளைனேதான் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்தவர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர். ஒரு பெண் பகுப்பாய்வாளர், அதுவும் பகைவர் பலரைத் தொழிலிலேயே கொண்டிருந்தவர், இப்படிப் பெயர் மாற்றிக்கொண்டதில் வியப்பில்லை. அவருடைய சொந்த மகளான மெலிட்டாவே அக்காலத்தில் லண்டன் உளப்பகுப்பாய்வுச் சங்கக் கூட்டங்களில் தாயை வெளிப்படையாகத் தாக்கிக்கொண்டிருந்தார்.

திருமதி ஏ-யின் முதல் வாரம் கிளைனின் எழுத்தில் மிகத் துல்லியமாக இருக்கிறது. அவர் மரத்துப்போயிருந்தார், அழுகை ஆறுதல் தரவில்லை, நாள்தோறும் கனவு காணும் பழக்கமுள்ளவருக்கு அந்த நாள்களில் கனவே வரவில்லை. வீட்டிலிருந்த கடிதங்களைப் பிரித்து, மகனுடையவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிழித்தெறிந்தார். துக்க வீட்டில் இது எவருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடிய வேலைதான். கிளைனின் விளக்கம் அதைக் கடந்து செல்கிறது: மகனைத் தன்னுள்ளே பத்திரமாக மீட்டு வைத்துக்கொள்வதும், தனக்குள்ளிருந்த பகையையும் கெட்டதையும் வெளியே எறிவதும் ஆகிய இரண்டையும் அந்தக் கைகள் செய்துகொண்டிருந்தன. ஏனென்றால் ஒருவர் இறக்கும்போது அவர் மட்டும் போவதில்லை என்பது கிளைனின் அடிப்படைக் கருத்து. குழந்தைப்பருவத்திலிருந்து மனத்துள் சேர்த்து வைத்த நல்ல தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும்கூட அந்த இழப்பில் நொறுங்கிப்போனதாகத் துக்கப்படுபவருக்குத் தோன்றுகிறது.

பிறகு ஒரு கனவு வந்தது. அதில் ஒரு தாயும் மகனும் இருந்தனர். தாய் கறுப்பு உடை அணிந்திருந்தாள். மகன் இறந்துவிட்டான் அல்லது இறக்கப்போகிறான் என்பது கனவு கண்டவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் துயரம் சிறிதும் தோன்றவில்லை; மாறாக, அந்த இருவர் மீதும் மெல்லிய பகை இருந்தது. மகனை இழந்து சில நாள்களே ஆன தாயின் கனவில் இது எப்படி நேர்ந்தது? விடை அவருடைய சிறுமிப்பருவத்திலிருந்து வந்தது. படிப்பில் பின்தங்கியிருந்த அண்ணனுக்கு, அவனுடைய வகுப்பிலேயே படித்த மற்றொரு பையன் பாடம் சொல்லித்தருவதென்று பேச்சு. அந்தப் பையனின் தாய் ஏற்பாடு செய்ய வீட்டுக்கு வந்தபோது, மேலிருந்து பேசுபவள் போல நடந்துகொண்டாள். தன் தாயின் முகம் வாடிப்போனதைச் சிறுமி கண்டாள். கனவில் மகனை இழந்து நிற்பவள் அந்தப் பகட்டுக்காரத் தாய்தான். சாவை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைத்தது கனவு.

கிளைன் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறார். அந்தச் சிறுமி அண்ணனை வியந்து நேசித்தவள். ஆனால் அவன் அறிவைக் கண்டும், ஆணாகப் பிறந்த அவனுக்கு வீட்டில் கிடைத்த இடத்தைக் கண்டும் பொறாமைப்பட்டவளும் அவளே. அவனைத் தாய் இழக்க வேண்டும் என்று அவளுள் ஒரு பகுதி விரும்பியிருந்தது. அண்ணன் பின்னர் இளமையிலேயே இறந்தபோது, அந்தச் சாவில் அடங்கியிருந்த வெற்றி உணர்வை அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆகவே அந்தத் துக்கம் முழுமையாகத் துக்கப்படாமலேயே கிடந்தது. மகனின் சாவு அந்தப் பழைய துக்கத்தைத் தோண்டியெடுத்தது. ஃபிராய்ட் ஃபிலீஸுக்கு எழுதிய கடிதத்தில் யூலியுஸ் நின்ற இடத்தில்தான் கிளைனின் கட்டுரையில் எமானுவேல் நிற்கிறார். அந்தக் கடிதங்கள் 1950 வரை அச்சேறவில்லை. எனவே ஒருவர் மற்றவரைப் பின்பற்றி எழுதியிருக்க வாய்ப்பில்லை.

துக்கம் எவ்வாறு நகர்ந்தது என்பதையும் அக்கட்டுரை தொடர்கிறது. திருமதி ஏ ஒரு தோழியோடு பழகிய தெருக்களில் நடந்தபோது, கூட்டம் திணறடித்தது, வீடுகள் அந்நியமாயின, வெயில்கூடச் செயற்கையாகப் பட்டது, ஒதுங்கிப் புகுந்த உணவகத்திலோ மேல்தளம் இறங்கி வருவதுபோல் இருந்தது. அழகான இடத்தில் அமைந்த வீடுகளைப் பார்த்தால் மட்டும் சிறிது ஆறுதல் கிடைத்தது. அத்தகைய வீடொன்று தமக்கும் வேண்டும் என்ற ஆசையை, உள்ளே இடிந்துபோனதைத் திரும்பக் கட்டும் விருப்பமாகக் கிளைன் படிக்கிறார். சேதப்படுத்தியதாகத் தான் நம்பும் அன்புக்குரியவரை மீண்டும் முழுமையாக்க முயலும் இந்த உந்துதலுக்கு, 'ஈடுசெய்தல்' என்பது அவர் கோட்பாட்டில் பெயர். பகையை ஒப்புக்கொண்ட பிறகுதான் அழுகை ஆறுதல் தரத் தொடங்கியது. பிந்திய கனவொன்றில், மகன் நீரில் மூழ்கி மறைந்தபோது தானும் மூழ்கப்போன திருமதி ஏ, முயன்று விலகி உயிர்வாழ்வின் பக்கம் திரும்பினார். ஃபிராய்ட் துக்கத்தின் முடிவாகக் கண்டது, இறந்தவரிடமிருந்து அன்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்வது. கிளைன் கண்டதோ இறந்தவருக்கு உள்ளே ஓர் இடம் கிடைப்பது.

இந்த வேறுபாட்டில் ஃபிராய்டின் சொந்த அனுபவம் அவருடைய கட்டுரையின் பக்கம் நிற்கவில்லை. 1920 ஜனவரி 25 அன்று அவருடைய மகள் சோஃபி, மூன்றாவது குழந்தையைச் சுமந்திருந்த நிலையில், ஹாம்பர்கில் இன்ஃபுளுவென்சாவால் 26 வயதில் இறந்தாள். போருக்குப் பிந்திய குழப்பத்தில் ரயில்கள் ஓடவில்லை. பெற்றோர் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. ஃபிராய்ட் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. அந்த ஆண்டே வெளிவந்த 'இன்ப விதிக்கு அப்பால்' என்னும் நூலில் அவர் முன்வைத்த, உயிர்கள் சாவை நோக்கி இழுக்கப்படுகின்றன என்னும் 'சாவு உந்துதல்' கருத்துக்கும் மகளின் சாவுக்கும் தொடர்பு கற்பிக்கப்படும் என்பதை முன்னரே ஊகித்த அவர், சோஃபி நலமாக இருந்தபோதே நூல் பாதி முடிந்திருந்தது என்பதற்குச் சாட்சி சொல்லுமாறு சக உளப்பகுப்பாய்வாளர் மாக்ஸ் ஐடிங்கோனைக் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆயினும், பிறர் மறுப்புகளையெல்லாம் ஐயத்தோடு கேட்கப் பழக்கிய ஒருவர் தம் மறுப்புக்கு மட்டும் சாட்சி திரட்டியது கவனத்துக்குரியது.

சோஃபியின் இளைய மகன் ஹைனெலே, வியன்னாவில் பெரியம்மா மாட்டில்டேயிடம் வளர்க்கப்படக் கொண்டுவரப்பட்டான். 1923 ஜூன் 19 அன்று, நாலரை வயதில், காசநோயால் அவன் இறந்தான். ஃபிராய்டின் வாய்ப்புற்றுநோய்க்கு முதல் அறுவை நடந்ததும் அதே ஆண்டின் வசந்தத்தில்தான். தாத்தாவும் பேரனும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வாயில் கத்திபட்டவர்கள் என்பதால், தாத்தாவால் இப்போது என்ன தின்ன முடிகிறது என்று பேரன் விசாரித்ததைக் கடிதமொன்று பதிந்து வைத்திருக்கிறது. ஃபிராய்ட் கண்ணீர்விட்டுப் பிறர் கண்டது அந்த ஒரு முறைதான் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஏர்னஸ்ட் ஜோன்ஸ் கூறுகிறார். அந்தச் சாவு தமக்குள் ஏதோ ஒன்றைக் கொன்றுவிட்டது, அதன் பிறகு புதிதாக யாரிடமும் ஒட்ட முடியவில்லை என்று ஃபிராய்ட் பின்னர் கூறினார். 1915இல் தாம் வரைந்த நோய்க்குறிகளுள் ஒன்றைத் தம்மைப் பற்றிய செய்தியாக அவர் திரும்பச் சொல்லும்போது, கட்டுரையை நினைவுபடுத்தவில்லை. 1929 ஏப்ரலில், சோஃபி உயிரோடிருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளில், தம் மகனை இழந்திருந்த நண்பரும் மனநல மருத்துவருமான லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதியபோது, துக்கத்தின் கூர்மை தணியும், ஆனால் ஆறுதல் கிடைக்காது, பதிலாக யாரும் வரமாட்டார்கள், வந்து இடத்தை நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும், அப்படி இருப்பதே முறை என்ற பொருள்பட எழுதினார். துக்கத்தின் வேலை ஒருநாள் முடியும், மனம் விடுதலை பெறும் என்ற கோட்பாட்டை அவர் எந்தக் கட்டுரையிலும் வெளிப்படையாகத் திரும்பப் பெறவில்லை. அந்தத் திருத்தம் கடிதத்தில் கிடக்கிறது.

1930 செப்டம்பரில் தாய் அமாலியா 95 வயதில் இறந்தபோது நேர்ந்தது இதற்கு நேர்மாறு. வலியில்லை, துக்கமில்லை, ஒரு விடுதலை உணர்வு மட்டும் இருக்கிறது என்று ஃபிராய்ட் எழுதினார்; தாய் இருக்கும்வரை தாம் சாகக் கூடாதென்றிருந்தது, இனிச் சாகலாம். ஈமச்சடங்குக்கு அவர் போகவில்லை. மகள் அன்னாவை அனுப்பினார். மேல்தளத்தில் இவ்வளவுதான் தெரிகிறது, ஆழத்தில் இது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டார். தந்தையின் சாவில் ஒரு நூலையே எழுதியவர், தாயின் சாவை இந்த ஒரு வாக்கியத்தோடு விட்டுவிட்டார்.

தாய் என்னும் இந்த இடைவெளியை அடுத்த தலைமுறையினர் நிரப்ப முயன்றனர். இங்கிலாந்தின் டொனால்ட் வினிகாட், சோர்வுற்ற தாயை உயிரோடு வைத்திருப்பதே தன் வேலையாகிப்போன குழந்தையைப் பற்றி 1948இல் எழுதினார்; அழுதுகொண்டேயிருந்த தாயின் மடியில் தாம் படுத்திருந்ததைக் கவிதையாக எழுதிப் பார்த்தபோது அவருக்கு வயது 60ஐத் தாண்டியிருந்தது. கெய்ரோவில் 1927இல் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஆந்த்ரே கிரீன், 'செத்த தாய்' என்னும் கட்டுரையில், உயிரோடிருந்தும் தன் துக்கத்தில் மூழ்கி, குழந்தைக்கு இல்லாதவளாகிவிட்ட தாயை விவரித்தார். தமக்கு இரண்டு வயதானபோது, தங்கையைத் தீ விபத்தில் பறிகொடுத்த தம் தாய் மனச்சோர்வில் ஆழ்ந்ததைப் பின்னாளில் பேட்டியொன்றில் அவரே சொன்னார். கட்டுரையில் அது இல்லை. படர்க்கை இங்கும் தொடர்கிறது.

ஃபிராய்டின் 1920ஆம் ஆண்டு நூலில் பெயரில்லாமல் வரும் இன்னொரு குழந்தையும் உண்டு: நூல் கட்டிய உருளையைக் கட்டிலுக்கு அப்பால் எறிந்து, மறைந்ததும் ஒருவிதமாக ஒலித்து, இழுத்து மீண்டும் கண்டதும் மகிழ்ந்து, தாய் போவதையும் வருவதையும் விளையாட்டாக்கிய ஒன்றரை வயதுப் பையன். அவன் சோஃபியின் மூத்த மகன் எர்ன்ஸ்ட். தாய் உண்மையிலேயே போய்விட்டபோது ஏறத்தாழ ஆறு வயதாகியிருந்த அவன் துக்கத்தின் அறிகுறி எதையும் காட்டவில்லை என்று ஓர் அடிக்குறிப்பு சொல்கிறது. இடையில் பிறந்த தம்பி அவனுக்குள் கடும் பொறாமையை மூட்டியிருந்தான் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. அந்தத் தம்பிதான் ஹைனெலே. துக்கம் காட்டாத குழந்தை துக்கப்படவில்லை என்று முடிவுகட்ட, யூலியுஸை நினைவில் வைத்திருந்த தாத்தாவுக்குக் காரணம் இருந்திருக்க முடியாது. ஆயினும் அடிக்குறிப்பு அதற்குமேல் போகவில்லை. எர்ன்ஸ்ட், பின்னாளில் எர்னஸ்ட் ஃபிராய்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு, லண்டனில் உளப்பகுப்பாய்வாளரானார்; குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்படும் சிசுக்கள் தாயிடமிருந்து பிரிக்கப்படுவதால் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது அவர் தமக்கெனத் தேர்ந்துகொண்ட ஆய்வுப்பொருள்களுள் ஒன்றாயிற்று.